பல்லாவரம் கல்லும் ஒரு பிழையான சராசரியும்

மூன்றாம் இயலை ஏன் இன்னும் ஒப்படைக்கவில்லை என்று நெறியாளரும் நண்பர்களும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விளக்குவதைவிட இங்கே எழுதிவிடுவது எளிது. சற்று நீண்ட பதிவு. பழைய ஆவணங்களோடு மல்லுக்கட்டும் மாணவர்களுக்கு என் தவறாவது பயன்படட்டும்.

கொல்கத்தாவில் வாழ்ந்து மடிந்த ஐரோப்பியரின் இறப்பு குறித்தது அந்த இயல். 1767இல் சவுத் பார்க் தெருக் கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டதிலிருந்து 1830கள் வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டேன். 'இரண்டு மழைக்காலமே ஒரு மனிதனின் ஆயுள்' என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பம்பாய் வெள்ளையரிடையே ஒரு சொலவடை வழங்கியது. அது கொல்கத்தாவுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை எண்களால் காட்டிவிட வேண்டும் என்பது என் ஆசை. கல்லறைகளில் வயது இருக்கிறது. இறந்த நாள் இருக்கிறது. கூட்டி வகுத்தால் சராசரி வந்துவிடும். வந்தது. அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை; அது பிழையான எண்.

அந்தத் தோட்டத்துக்குள் முதன்முதலில் நுழைந்தது ஆடி மாத மழை நாளொன்றில். பார்க் தெருவுக்கு முன்னாளில் இடுகாட்டுச் சாலை என்றே பெயர். உள்ளே நிற்பவை நம் ஊர்க் கல்லறைகளைப் போல முழங்கால் உயரச் சிலுவைகள் அல்ல. பிரமிடுகள், கூர்நுனித் தூண்கள், தூண்கள் தாங்கிய கவிகை மாடங்கள். பாசி படர்ந்து, வேர் ஊடுருவி, பாதி இருட்டில் நிற்கின்றன. கல்லால் ஆனவை போலத் தோன்றினாலும் பெரும்பாலானவை செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சுமே. வங்காளத்து வண்டல் மண்ணில் கல் ஏது? பெயர் பொறித்த பலகை மட்டும் வெளியூர்க் கல். ஆகவே பலகை பெயர்ந்துவிட்டால், உள்ளே இருப்பவர் யார் என்று சொல்ல அங்கே வேறொன்றும் இல்லை. மாளிகை போன்ற பல கல்லறைகள் இன்று பெயரின்றி நிற்பது இப்படித்தான்.

பெயரோடு நிற்பவற்றைத் தேடிப் போவதே எல்லோரது வழக்கமும். ஆசியக் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸின் வானளாவிய தூண். 'இந்து ஸ்டூவர்ட்' என்று நகைக்கப்பட்ட படைத்தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட்டின், கோயில் வடிவில் அமைந்த கல்லறை. 1831இல் இருபத்திரண்டே வயதில் வாந்திபேதிக்குப் பலியான கவிஞர், இந்துக் கல்லூரி ஆசிரியர் டெரோசியோ. தமிழ் ஆய்வாளர்கள் யாராவது வந்தால் நான் முதலில் காலின் மெக்கன்சியைப் பற்றிப் பேசுவேன். 1783இல் சென்னைக்கு வந்து, தென்னாட்டின் ஊர் ஊராகச் சுவடிகளையும் கைபீதுகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டி, இந்தியாவின் முதல் தலைமை நில அளவையராகி, 1821இல் இந்நகரில் இறந்தவர். அவர் இங்கே கொண்டுவந்து சேர்த்த தென்மொழிச் சுவடிகள் பின்னர் சென்னைக்கே திரும்பின. கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் நாம் இன்று புரட்டுபவை அவைதாம். ஏடுகள் ஊர் திரும்பிவிட்டன, திரட்டியவர் இங்கே தங்கிவிட்டார். அவருக்காக அலைந்து திரட்டிய காவலி வெங்கட போரய்யா போன்ற உதவியாளர்களுக்கு எந்தத் தோட்டத்திலும் கல் இல்லை. இதை அன்று ஒரு வருத்தமாக மட்டுமே குறித்துவைத்தேன். ஒரு புள்ளியியல் பிரச்சினை என்று அப்போது தோன்றவில்லை.

ஐயம் தொடங்கியது ஒரு சிறிய கல்லில். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் மகன் வால்டர், 1863ஆம் ஆண்டின் கடைசி நாளன்று கொல்கத்தாவில் இறந்தான். அவனுக்கும் வயது இருபத்திரண்டு. அடக்கம் செய்தது பவானிபூர் இராணுவக் கல்லறையில். கல்லை மட்டும் 1987இல் பெயர்த்துவந்து சவுத் பார்க் தெருவில் வைத்தார்கள். நானோ தெரியாமல் அவனையும் என் அட்டவணையில் ஏற்றிவைத்திருந்தேன். ஆண்டு பொருந்தவில்லையே என்று பார்த்தபோதுதான் பிடிபட்டது. (ரோஸ் அய்ல்மர் என்ற பெண் 1800இல் இறந்து இதே தோட்டத்தில் அடங்கினாள். அவளைப் பற்றிப் பாடிய கவிஞர் லாண்டரின் பெயரைத்தான் டிக்கன்ஸ் தன் மகனுக்கு வைத்திருந்தார். ஆய்வுக்குச் சற்றும் பயன்படாத தகவல், ஆனாலும் விடமுடியவில்லை.)

சென்னையிலும் இதே கதைதான். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் பழைய கல்லறைக் கற்களின் கீழே அந்தக் கற்களுக்கு உரியவர்கள் இல்லை. பழைய இடுகாடு, இன்றைய சட்டக் கல்லூரி வளாகம் இருக்கும் பக்கம் இருந்தது. 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படையினர் அந்தக் கல்லறைகளை மறைவாகப் பயன்படுத்தினார்கள். முற்றுகை முடிந்ததும் கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். கற்களும் பயணம் செய்கின்றன என்பது புரிந்த பிறகு, கல் யாருக்குக் கிடைத்தது என்ற அடுத்த கேள்வியும் தானே வந்தது.

கொல்கத்தாக் கல்லெழுத்துகளைத் தொகுத்த முன்னோடி நூல்களுள் ஒன்று 1848இல் வெளிவந்த 'பெங்கால் ஒபிச்சுவரி'. தொகுத்தவர்கள் ஹோம்ஸ் கம்பெனியார். அவர்களுக்கு நினைவுக்கல் செதுக்கித் தருவதே தொழில். கல் விற்றவர்களே கல்லைத் தொகுத்த நூல் அது. பணம் கொடுத்தவர்கள் அதில் இருக்கிறார்கள். காய்ச்சலில் விழுந்த சிப்பாய், கப்பலிலிருந்து இறக்கிய மாலுமி, பிறந்த மூன்றாம் நாள் போன குழந்தை ஆகியோர் பெரும்பாலும் இல்லை. மறுபுறம், ஈரல் கெட்டுக் கப்பலேறி நடுக்கடலிலோ இங்கிலாந்திலோ இறந்த அதிகாரிகளும் இந்தத் தோட்டத்தில் இல்லை. மொத்தம் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்ற எண் கையில் இல்லாமல், கல் வைத்துக்கொள்ள வசதியிருந்தவர்களின் வயதைக் கூட்டி வகுத்து, அதற்கு 'ஐரோப்பியரின் சராசரி ஆயுள்' என்று தலைப்பும் கொடுத்திருந்தேன்.

சரி, கல்லை விட்டுவிட்டு ஏட்டுக்குப் போவோம் என்று அடக்கப் பதிவேடுகளை எடுத்தேன். ஒவ்வொரு மாகாணத்திலும் கம்பெனிப் பாதிரிமார் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படியை லண்டனுக்கு அனுப்பிவந்தார்கள். அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வங்காளத்துக்கு என்-1, சென்னைக்கு என்-2, பம்பாய்க்கு என்-3 என்று வரிசை. அழகான கையெழுத்து. நாள், பெயர், பதவி, பாதிரியாரின் ஒப்பம். தொடக்க காலப் பக்கங்களில் பல இடங்களில் வயதே இல்லை. நோயும் இல்லை. மனைவி என்றால் இன்னாருடைய மனைவி, குழந்தை என்றால் இன்னாருடைய குழந்தை. வயது எழுதத் தொடங்கிய பக்கங்களிலோ 20, 25, 30, 40 என்று எண்கள் குவிந்து கிடந்தன. 29 அரிது, 31 அதைவிட அரிது. மக்கள்தொகையியல் படித்தவர்களுக்கு இது பழகிய நோய். வயது தெரியாத இடத்தில் எழுதுபவர் முழு எண்ணுக்குத் தாவிவிடுவார்.

அந்தக் குவியலைப் பார்த்தபோது எனக்கு என் கையெழுத்தே நினைவுக்கு வந்தது.

என் தாத்தா பல்லாவரத்தில் கல் உடைத்தவர். சம்மட்டியும் உளியுமாகத் திரிசூலம் மலைப்பக்கம் வேலை. 1978இல் இறந்தார். ஊர் இடுகாட்டில் புதைத்தார்கள். யாரும் எங்கும் பதியவில்லை. பதியவேண்டும் என்று 1969லேயே சட்டம் வந்துவிட்டது என்பது எங்கள் தெருவுக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகள் அந்தச் சான்றிதழ் இல்லாமலே யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. வீட்டுமனையை அப்பா பெயருக்கு மாற்றவேண்டி வந்தபோதுதான் தாத்தா இறந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். ஓராண்டு கடந்த இறப்பைப் பதிய அப்போது நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டியிருந்தது. விண்ணப்பம் எழுதும் வேலை ஒன்பதாம் வகுப்பில் இருந்த எனக்கு வந்தது. வீட்டில் என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும். இறந்தபோது வயது என்ற இடத்தில் நிறுத்தி, "என்னப்பா போடட்டும்?" என்று கேட்டேன். அப்பா சிறிது நேரம் யோசித்தார். "அறுபதுன்னு போடு பாப்பா. கேட்டா முழுசா இருக்கும்." இறந்த நாளும் உத்தேசம்தான். தீபாவளிக்கு முன்னால் என்பது மட்டும் பாட்டிக்கு உறுதியாக நினைவிருந்தது.

ஆணை வந்தது, சான்றிதழ் வந்தது, பட்டாவும் பெயர் மாறியது. இன்று அரசு ஆவணப்படி என் தாத்தா அறுபது வயதில் இறந்தவர். இருநூறு ஆண்டு கழித்து யாராவது பல்லாவரத்துக் கல்லுடைப்பவர்களின் ஆயுளைக் கணக்கிட்டால், என் பள்ளிக்கூடக் கையெழுத்து ஒரு தரவாக உள்ளே போகும். அந்தத் தாளை எழுதிய அதே கையால்தான், பிறர் எழுதிய இதே போன்ற தாள்களை இரண்டு ஆண்டுகளாக ஐயமின்றிக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

கம்பெனியின் பதிவேடும் பட்டாவுக்கான தாள் போன்றதே என்பது அதன் பிறகுதான் உறைத்தது. சொத்து யாருக்குப் போகும், விதவைக்கு நிதி உண்டா, இங்கிலாந்தில் காத்திருக்கும் குடும்பத்துக்கு எதைக் காட்டுவது என்ற தேவைகளுக்கெல்லாம் அந்தப் படிகள் ஆதாரமாயின. தேவைக்குள் வராதவர்கள் ஏட்டுக்குள்ளும் வரவில்லை. வெள்ளை அதிகாரிகளோடு ஆண்டுக்கணக்காக வாழ்ந்து பிள்ளை பெற்ற இந்தியப் பெண்கள் திருமுழுக்குப் பெறாமல் இறந்தால், பாதிரியாரின் ஏட்டில் அவர்களுக்கு வரி கிடையாது.

இதற்குக் கண்முன்னே ஒரு சான்று உண்டு. டல்ஹௌசி சதுக்கத்துக்கு அருகே, புனித ஜான் தேவாலய வளாகத்தில், கொல்கத்தாவை நிறுவியவர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த ஜாப் சார்னாக்கின் கல்லறை மண்டபம் இருக்கிறது. மருமகன் சார்லஸ் அயர் எழுப்பியது. உள்ளே ஒரு கரிய கல். அதில் இலத்தீன் எழுத்து. தனதல்லாத மண்ணில் நெடுநாள் அலைந்தவர், 1692 ஜனவரி 10 அன்று நிலையான தன் வீடு திரும்பினார் என்கிறது. (அன்றைய ஆங்கிலக் கணக்கில் ஆண்டு மார்ச்சில் பிறந்ததால், நம் கணக்கில் அது 1693. தேதி திரட்டும் மாணவர்கள் கவனிக்க.) அதே கல்லில் மூத்த மகள் மேரி, அதாவது அயரின் மனைவி, இடம்பெறுகிறாள். மேரியின் தாய் இடம்பெறவில்லை. அவள் இந்துப் பெண். உடன்கட்டையிலிருந்து சார்னாக் மீட்டவள் என்றும், அவள் இறந்த பிறகு ஆண்டுதோறும் அவள் சமாதியில் சேவல் பலியிட்டார் என்றும் கதைகள் உண்டு, கதைகளுக்குப் பஞ்சமில்லை. கல்லில் பெயர்தான் இல்லை.

அந்தக் கல் தன்னைச் சலவைக்கல் என்று அழைத்துக்கொள்கிறது. உண்மையில் அது பல்லாவரம் கல். 1893இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹென்றி ஹாலந்து இதை ஆராய்ந்து, பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையே இது என்று கண்டு, சார்னாக்கின் பெயரால் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். உலகெங்கும் புவியியல் மாணவர்கள் படிக்கும் பாறை வகை அது. எங்கள் வீட்டில் அதற்குக் கருங்கல் என்று பெயர். தாத்தாவின் கூலிக்கு அதுதான் வழி. பாறைக்குக்கூடப் பெயர் கொடுத்துவிட்டார் சார்னாக். உடன் வாழ்ந்தவளின் பெயர் அவரோடே போய்விட்டது.

ஆகவே நண்பர்களே, சராசரியை அழித்துவிட்டேன். அட்டவணையை அழிக்கவில்லை, அதில் இப்போது வேறு கேள்வி கேட்கிறேன். ஒரே ஆண்டின் அடக்கப் பதிவேட்டையும் கல்லெழுத்துத் தொகுப்புகளையும் அருகருகே வைத்து, ஏட்டில் இருந்து கல்லுக்கு வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்று பெயர் பெயராகப் பார்க்கிறேன். மெதுவான வேலை. நெறியாளர் இன்னும் ஆறு மாதம் தந்திருக்கிறார். அவருடைய பொறுமைக்கு நன்றி.

சார்னாக் கல்லின் படத்தைச் சென்ற ஞாயிறு அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார். கல் நம் ஊர்க் கல்தான் என்பதில் அவருக்கு ஐயமில்லை. அதற்கு ஹாலந்து தேவைப்படவும் இல்லை. எழுத்தைத்தான் நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்தாராம்.

"எழுத்து அங்க வெட்டினதா பாப்பா, இல்ல இங்கயே வெட்டிக் கப்பல்ல ஏத்தினதா? இங்கன்னா, படிக்கத் தெரியாத எழுத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டியிருப்பான் பாவம்."

அந்த ஆண்டுகளில் சென்னைக் கோட்டைக்கும் வங்காளத்துக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தை நாளை முதல் புரட்டப்போகிறேன். கல் ஏற்றிய கப்பலைப் பற்றி எங்காவது ஒரு வரி இருக்கிறதா பார்க்கவேண்டும்.