எந்தக் கம்பெனி, தம்பி?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து ஒரு சந்து தள்ளி, நடைபாதையிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறார் ஓர் அண்ணன். புதுத்துணி தைப்பதில்லை, ஆல்டரேஷன் மட்டும். கிள்ளானிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் வேலை தேடி வரும் பையன்கள், இன்டர்வியூவுக்கு முந்தின சாயங்காலம் கால்சட்டையோடு அவரிடம் ஓடி வருவார்கள். டேப்பை எடுக்குமுன் கேட்பார்: "எந்தக் கம்பெனி, தம்பி? கவர்மெண்டா, பேங்கா, தவுக்கே கடையா?"

தமிழ்நாட்டிலிருந்து வந்த எனக்கு அந்தக் கேள்வியின் அருமை மெல்லத்தான் விளங்கியது. எங்கள் ஊர்க் கல்லூரிகளுக்குக் கம்பெனிகள் ஆளெடுக்க வந்தால் எல்லாருக்கும் ஒரே கோலம்: வெளிர்நீலச் சட்டை, கறுப்பு பேன்ட், இரவல் டை. இங்கே இடத்துக்கு இடம் மாறும். பேங்க் என்றால் கோட்டு நல்லது. ஆனால் கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து அதை மாட்டிக்கொண்டு நடந்தால் முதுகு நனைந்துவிடும். கையில் போட்டுக்கொண்டு போய் லிஃப்டுக்கு முன்னால் மாட்டச் சொல்வார் அண்ணன். தவுக்கே கடைக்கோ கோட்டே ஆகாது. போலோ சட்டையும் சிலிப்பருமாக உட்கார்ந்திருக்கும் சீன முதலாளி, 'இவன் நம்மிடம் நிலைக்க மாட்டான்' என்று அப்போதே முடிவு கட்டிவிடுவார்.

மரியாதை உடை என்றால் வெள்ளைக்காரன் உடைதான் என்ற எண்ணமும் இங்கே வந்துதான் தளர்ந்தது. முழுக்கை பாத்தேக் சட்டை போட்டால் மந்திரி விருந்துக்கே போகலாம். 2008 முதல் வியாழக்கிழமைகளில் அரசு ஊழியர்களுக்கு அதுவே உடை. நெற்றியில் பொட்டும் உடம்பில் மலாய்ப் பெண்களின் பாஜு கூரோங்கும் அணிந்து பள்ளிக்குப் போகும் தமிழ் ஆசிரியைகளைப் பார்த்து முதலில் திகைத்தேன்; இப்போது அது கண்ணுக்குப் பழகிவிட்டது.

உடையால் ஆளை எடைபோடுவது இந்தப் பேட்டைக்குப் புதிதல்ல. அரசு ஊழியர்களுக்காக 1915-இல் 'நூறு குவார்ட்டர்ஸ்' குடியிருப்பு எழுந்த இடம் இது. ரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தார் கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டில் ஆபீஸ் போனார்கள்; அதே தமிழ் பேசிய தோட்டப் பாட்டாளிக்கு அந்த வாசல் எட்டாத தூரம். கோட்டு மட்டுமா காரணம்? கோட்டுக்குப் பின்னால் மிஷன் பள்ளி ஆங்கிலம் இருந்தது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே முகத்தை வசதியானவர் உடையிலும் எளியவர் உடையிலும் காட்டி, ஆள் எவ்வளவு திறமைசாலி என்று கேட்டார்கள். நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் காட்டினாலும் நல்ல உடைக்கே மதிப்பெண் கூடியது. உடையைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லியும் மாறவில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "இதுக்குப் போயி ஆராய்ச்சியா?" என்றார்.

ஆனால் உடையைக் காட்ட முதலில் கூப்பிட வேண்டுமே! லீ ஹுவோக் ஆன், முகமட் அப்துல் காலிட் என்ற இரு மலேசிய ஆய்வாளர்கள் மலாய், சீனப் பெயர்களில் கற்பனை விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சீனப் பெயர்களுக்குப் பல மடங்கு அதிக அழைப்பு வந்தது. நம்மவர் பெயர்களை அவர்கள் சோதிக்கவில்லை; சோதித்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக்கடையில் யாரைக் கேட்டாலும் ஒரு ஊகம் சொல்வார்கள்.

அதனால் என்னிடம் யோசனை கேட்கும் பையன்களுக்கு நான் சொல்வது: கால்சட்டையை அண்ணனிடம் கொடுக்குமுன், விளம்பரத்தின் கடைசி வரியைப் படி. 'மாண்டரின் தெரிந்திருப்பது விரும்பத்தக்கது' என்றிருந்தால், ஆல்டரேஷன் காசை மிச்சம் பிடி.