உடுக்கையை உன் மகளிடம் கொடு

உத்தமபாளையம்,
தை மாதம்

அன்புத் தம்பிக்கு,

மாசிச் சிவராத்திரிக்குப் பங்காளிகள் வரி பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கிடாவுக்கு ஆள் இருக்கிறது, பொங்கலுக்கு இருக்கிறது, மைக்செட்டுக்குக்கூட இருக்கிறது. சாமியாடத்தான் ஆள் இல்லை. அப்பா போன பிறகு கருப்பசாமி யார் மேலும் இறங்கவில்லை. திருநீறு வாங்கிக்கொண்டு கலைகிறோம். அப்பாவின் உடுக்கையோ உன் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

உன் மகள் போனில் துவா நாட்டைப் பற்றிச் சொன்னதிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. மங்கோலியாவுக்கு வடக்கே, ரஷ்யாவுக்குள் இருக்கிறதாம். அங்கேயும் மேளம் அடித்து, அருள் வந்து, நோய்க்கும் துக்கத்துக்கும் குறி சொல்கிறவர்கள் உண்டு. வானத்தையும் மலையையும் ஊற்றையும் கும்பிடுகிறவர்கள். 1931-ல் எடுத்த கணக்கில் அப்படி 725 பேர்; அதில் 314 பேர் பெண்கள். பிறகு வந்த கம்யூனிஸ்ட் அடக்குமுறையில் மேளங்களைப் பிடுங்கினார்கள், ஆட்களைச் சிறையில் போட்டார்கள். அந்தக் காலத்திலும் மோங்குஷ் கெனின்-லோப்சான் என்ற ஒருவர் அழைப்புப் பாட்டுகளையும் சடங்குகளையும் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். அவர் பாட்டியே சாமியாடியாம். சோவியத் உடைந்ததும் கிசில் நகரத்தில் அவர் தொடங்கிய சங்கத்தில் புதுப் பிள்ளைகள் மேளம் எடுத்தார்கள். பக்கத்து மங்கோலியாவில் இப்போது ஜனாதிபதியே மலைப் பூசைக்குப் போகிறார். நகரங்களில் குறி சொல்லக் கட்டணம் வாங்குவதும் நடக்கிறதாம். அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா காணிக்கைத் தட்டில் விழுந்ததைக்கூட எண்ணிப் பார்த்ததில்லை.

நமக்கு அவ்வளவு கொடுமை எதுவும் நடக்கவில்லையே, தம்பி. 2003-ல் பழைய 1950-ம் வருஷச் சட்டத்தை எடுத்துக் கிடா வெட்டைத் தடுத்தார்கள். மறு வருஷமே அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். அன்றைக்கு அப்பா சந்தோஷத்தில் உடுக்கையைத் துடைத்து வெயிலில் வைத்தது உனக்கு நினைவிருக்கும். அரசாங்கம் விட்டுக்கொடுத்த ஒன்றை நாமே கைவிட்டுவிட்டோம். நம் பையன்கள் சாமியாடுவதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள்.

உன் மகள் கூச்சப்படவில்லை. "அத்தை, நான் கத்துக்கவா?" என்று அவளாகத்தான் கேட்டாள். பொம்பளப் பிள்ளை, நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகிறவள் என்று பங்காளிகள் சொல்வார்கள். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். அழைப்புப் பாட்டு முழுக்க எனக்கு மனப்பாடம். ஆனாலும் உடுக்கையைத் தொட விடவில்லை. அந்தப் பிள்ளைக்கும் அது நடக்கக் கூடாது.

கோம்பைப் பக்கம் ஒரு கோடாங்கித் தாத்தா இருக்கிறார். காது மந்தம், கை இன்னும் பேசுகிறது. கேட்டேன், சொல்லித் தருகிறேன் என்றார். அருள் இறங்குவது சாமி பாடு. அடிக்கவும் பாடவும் கற்றுக்கொள்வது நம் பாடு. சிவராத்திரிக்குப் பத்து நாள் முன்னாடியே அவளை அனுப்பி வை. உடுக்கையை அவள் கையிலேயே கொடுத்துவிடு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரட்டும். தோல் தளர்ந்திருந்தால் இங்கே மாற்றிக்கொள்ளலாம்.

பங்காளிகளிடம் நான் பேசுகிறேன். பெரியப்பா மகன் கோபப்படுவான், படட்டும். நீ சம்மதம் என்று ஒரு வார்த்தை எழுது.

உன் அக்கா