ஏன் மூச்சு வாங்குது, மாப்பிள்ளை?

செப்டம்பர் மாதத்தின் கடைசிச் சனி, ஞாயிறில் என்னை எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிட்டுப் பயனில்லை. என் மனைவியே இதைச் சொந்தக்காரர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுவாள். அந்த 48 மணி நேரமும் கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டின் மாடி அறையில், வானொலிக் கருவிக்கு முன்னால்தான் இருப்பேன்.

நான் அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருப்பவன். 9எம்2 என்று தொடங்கும் அழைப்புக்குறி. மைக்கில் பேசுவதைவிட எனக்குப் பிடித்தது ஆர்டிடிஒய், அதாவது ரேடியோ டெலிடைப். கணினியில் தட்டும் எழுத்துகள் இரண்டு ஒலிகளாக மாறி மாறிக் காற்றில் போகும். மறுமுனையில் ஒருவருடைய திரையில் எழுத்தாக விழும். அந்த வார இறுதியில் நடப்பது இதற்கான உலகப் போட்டி. எத்தனை நாடுகளில், எத்தனை பேரோடு தொடர்பு கொள்கிறோம் என்பதுதான் கணக்கு. பேச்சு வார்த்தை எதுவும் கிடையாது. "599 28 28" என்று அனுப்புவேன். 599 என்பது சிக்னல் தரம், 28 நம் மண்டல எண். தவறாகப் படிக்காமல் இருக்க அதையே இரண்டு முறை. அவ்வளவுதான், அடுத்த ஆள்.

இந்த முறை ஆகஸ்ட் மாதமே புது மடிக்கணினி வாங்கி எல்லாவற்றையும் மாற்றி வைத்தேன். பயிற்சிக்காக ஒரு சிறிய போட்டியில் இறங்கியபோதுதான் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. நான் அனுப்பி முடிப்பதற்குள் ஆட்கள் போய்விடுகிறார்கள். ஒரு ஜப்பான்காரர் என்னை அழைத்தார்; நான் பதில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அலைவரிசையில் வேறொருவரை அழைக்கப் போய்விட்டார்.

விசித்திரம் என்னவென்றால், இதில் மெதுவாக அனுப்ப வழியே இல்லை. ஆர்டிடிஒய் வேகம் உலகம் முழுக்க ஒன்றுதான்: 45.45 பாட். ஒரு துடிப்புக்கு 22 மில்லிவினாடி. தொடக்கத் துடிப்பு ஒன்று, எழுத்துக்கு ஐந்து, முடிவுக்கு ஒன்றரை. ஆக ஒரு எழுத்துக்கு 165 மில்லிவினாடி. வினாடிக்கு ஆறு எழுத்து போயாக வேண்டும். திரையிலும் 45.45 என்றுதான் இருந்தது.

கணினியைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டேன். வைரஸ் தடுப்பானை நிறுத்தினேன். நண்பர் ஒருவர், வானொலி அலை கம்பிக்குள் புகுந்திருக்கும் என்றார். கம்பிகளுக்கெல்லாம் ஃபெரைட் வளையம் மாட்டினேன். அறை பார்க்க அழகாக இருந்தது. வேகம் மாறவில்லை.

இங்கே என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை தவறிய பிறகு, போன வருடம் ஈப்போவிலிருந்து எங்களோடு வந்து தங்கினார். எனக்கும் அவருக்கும் நடந்த பேச்சு அதுவரை இரண்டே ரகம்: "சாப்பிட்டீங்களா மாமா?", "மழை வரும்போல இருக்கு மாப்பிள்ளை." கெட்ட மனிதர் இல்லை, நானும் இல்லை. இரண்டு பேருக்கும் எதை எடுத்துப் பேசுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். தொலைத்தொடர்பு இலாகாவில் வேலை பார்த்தவர் என்று தெரியும். தொலைபேசிக் கம்பம் ஏறியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் கதவோரம் வந்து நின்றார். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று ஒலியைக் குறைக்கப் போனேன்.

"குறைக்காதீங்க. இது டெலிபிரிண்டர்தானே?"

"ஆமாம் மாமா. ஆனா இப்போ எல்லாம் கம்ப்யூட்டர்."

"அது ஏன் எழுத்துக்கு எழுத்து மூச்சு வாங்குது, மாப்பிள்ளை?"

எனக்குச் சுருக்கென்றது. வேகம் 45.45தான், மெஷினில் போட்டிருக்கு என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னேன். அவர் வாதம் செய்யவில்லை. "எழுத்து சரியான வேகத்துலதான் போகுது. நடுவுலதான் நிக்குது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அவர் போன பிறகு, யாருக்கும் தெரியாமல் செய்வதுபோல, கைப்பேசியில் சத்தத்தைப் பதிவுசெய்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "599 28 28" போக இரண்டு வினாடிதான் ஆக வேண்டும். மூன்று வினாடி ஆகியிருந்தது. ஒவ்வொரு துடிப்பும் கச்சிதமாக 22 மில்லிவினாடி. எழுத்து முடிந்த இடத்தில் மட்டும் 80 மில்லிவினாடிக்கு மேல் சும்மா நின்றது.

மறுமுனையில் யாரும் குறை சொல்லாததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு எழுத்தும் தன் தொடக்கத் துடிப்போடு வருகிறது. அது வரும்வரை வாங்கும் கருவி காத்திருக்கும். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். அதனால் எழுத்தில் பிழை இராது. பொறுமை போவது மனிதனுக்குத்தான்.

குற்றவாளி நான்தான். புது மடிக்கணினியில் பழைய ஒன்பது ஊசி சீரியல் துளை கிடையாது. மலிவான யுஎஸ்பி மாற்றி ஒன்றை வாங்கி மாட்டியிருந்தேன். முதல் நாள் எழுத்துகள் குப்பையாகப் போனதால், எம்எம்டிடிஒய் மென்பொருளில் எழுத்துகளுக்கு இடையே காத்திருக்கச் சொல்லும் பட்டியை இழுத்துக் கூட்டிவிட்டேன். குப்பை குறைந்தது. பட்டியை மறந்தேன். இப்போது அதைப் பூஜ்யத்துக்கு இழுத்தால் வேகம் வந்தது, குப்பையும் திரும்பி வந்தது. ஐந்து துடிப்பு எழுத்தையும் 45.45 என்ற பழங்கால வேகத்தையும் இந்த வகை மாற்றிகளில் பல ஒழுங்காகக் கையாளுவதில்லை.

மறுநாள் பசியாறும்போது மாமாவிடம் ஒத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் வேலையைப் பற்றி விவரமாகக் கேட்டேன். டெலக்ஸ் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவராம். அவை 50 பாட், நிமிடத்துக்கு 400 எழுத்து. மோட்டார் வேகத்தைச் சரிபார்க்க இசைக்கவை ஒன்று கையில் இருக்குமாம். அதைத் தட்டி, கவையின் நுனியில் உள்ள சிறு பிளவு வழியாகச் சுழலும் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பார்ப்பார்களாம். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. நகர்ந்தால் திருகைத் திருப்ப வேண்டும். "கொஞ்ச வருஷத்துல கவை தேவைப்படல. வாசல்ல நுழையும்போதே காது சொல்லிடும்" என்றார். கோப்பி ஆறிப்போனதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஸ்டோர் ரூமிலிருந்து பழைய மேசைக் கணினியைக் கீழே இறக்கினோம். அவர் டார்ச் பிடித்தார், நான் தூசி தட்டினேன். அதன் பின்னால் நிஜமான சீரியல் துளை இருந்தது. காத்திருப்பு பூஜ்யம். மாமா கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "நீங்க அனுப்புறதுல மொத்தம் எத்தனை எழுத்து?"

"இடைவெளி, எண் மாற்றுக்குறி எல்லாம் சேர்த்து 12."

"பத்துதானே வரணும்?"

டெலக்ஸில் எண்ணுக்கு ஒருமுறை மாற்றினால், திரும்ப எழுத்துக்கு மாற்றும்வரை அப்படியே நிற்கும். ஆனால் காற்றில் இரைச்சலால் ஒரு குறி கெட்டுப்போனால் வரி முழுக்கத் தப்பாகிவிடும் என்பதால், எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் தானாக எழுத்துக்குத் திரும்பும் ஏற்பாடு உண்டு. அதனால் எண்களுக்கு முன் மாற்றுக்குறி மறுபடி மறுபடி போகும். இதை அவருக்கு விளக்கினேன்.

"அப்போ இடைவெளியே விடாதீங்க. நடுவுல கோடு போடுங்க. கோடு எண் பக்கத்துலதான இருக்கு?"

599-28-28. பத்து எழுத்து. மூன்றில் ஒரு வினாடி மிச்சம். தேர்ந்த போட்டியாளர்கள் பலர் அப்படித்தான் அனுப்புகிறார்கள். நானும் திரையில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

போட்டி சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. இரவு 15 மீட்டர் அலைவரிசையில் ஐரோப்பா திறந்தபோது இத்தாலி, போலந்து என்று வரிசைகட்டி அழைத்தார்கள். மாமா பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையை அதிகம் பார்க்கவில்லை. நான் மிச்சம் பிடித்த நேரத்தைக் கணக்குப் போட்டால் சில நிமிடங்கள்தான் வரும். ஆனால் யாரும் பாதியில் போகவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கு எல்லாம் அடங்கியது. ஒன்பது மணிக்கு நான் அலுவலகத்தில் இருக்க வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வரும்போது மாமா கேட்டார்.

"அடுத்தது எப்போ?"

"பிப்ரவரியில ஒண்ணு இருக்கு மாமா. அதுல மண்டல எண் கிடையாது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரிசை எண்."

கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா எண்ணு நீண்டுகிட்டே போகும். கோட்டை மறந்துடாதீங்க."