சலேத் மாதா மலைக்குப் போகும் சாலை

வடமதுரை சௌந்தரராஜப் பெருமாள் கோயிலைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு வந்தால், ஒரு பக்கத்துப் பஸ் திருச்சி, தஞ்சை என்று வேளாங்கண்ணி திசையில் போகும். மறுபக்கத்துப் பஸ் திண்டுக்கல்லுக்கு. இரண்டு திசையிலும் மாதா கோயில்தான். கடற்கரை மாதாவை உலகமே அறியும். மலை மேலிருக்கும் கொடைக்கானல் சலேத் மாதாவை அந்த அளவுக்கு யாரும் தேடிப் போவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

திண்டுக்கல்லில் புனித வளனார் பேராலயம். 1866-ல் தொடங்கி 1872-ல் கட்டி முடித்தது. செம்பட்டி சீக்கிரம் கடந்துவிடும். வத்தலக்குண்டில் டீக்கு இறங்கினால் அந்த ஊர் எழுத்தாளர்கள் ராஜமய்யரும் பி.எஸ். ராமையாவும் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள்.

காட்ரோட்டில் பஸ் மலைக்குத் திரும்புகிறது. டம்டம் பாறையில் நின்றால் எதிர்மலையில் தலையாறு அருவி ஒற்றைக் கோடாக விழுவது தெரியும். ஊத்து, பெருமாள்மலை வந்ததும் காற்று குளிர்கிறது. வழிக்கடைகளில் மலைவாழைப்பழம் தொங்கும். தோல் சுருங்கிய சீப்பாகப் பார்த்துக் கேளுங்கள், அதில்தான் இனிப்பு.

இந்த மோட்டார் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் முழுமையாகத் திறந்தது. சலேத் மாதா கோயில் எழுந்ததோ 1866-ல். சேசு சபையின் லூயி செயின்ட் சீர் அடிகளார் கட்டினார். அன்றைக்கு மேலே போக மலைப்பாதைதான். நடந்தோ, குதிரையிலோ, ஆள் சுமக்கும் டோலியிலோ போக வேண்டும். அப்படிப்பட்ட மலையில் ஒரு கோயிலை நிறுத்தியிருக்கிறார்கள்!

மாதாவின் பெயர் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைக் கிராமமான லா சலேத்திலிருந்து வந்தது. 1846 செப்டம்பர் 19 அன்று மாடு மேய்த்த மெலானி, மாக்ஸிமின் என்ற இரு பிள்ளைகள், கைகளில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்மணியைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் பேசியது அழுகிப்போகும் உருளைக்கிழங்கைப் பற்றி, வரப்போகும் பஞ்சத்தைப் பற்றி. அதையும் அந்தப் பிள்ளைகளின் ஊர்ப் பேச்சிலேயே சொன்னாராம். உருளைக்கிழங்கும் பூண்டும் விளைவிக்கிற கொடைக்கானல் மலைக்கு இவரைவிடப் பொருத்தமான மாதா வேறு யார்? லா சலேத் திருத்தலம் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கொடைக்கானல் 2,100-க்கும் மேல்.

திருவிழா ஆகஸ்ட் 14, 15. காரில் போவோருக்கு இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸுக்கு வேண்டாம். பஸ்ஸிலேயே போங்கள். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பாட்டிலை மலையில் விட்டுவிட்டு வராதீர்கள்.