கார் நிக்கோபாரில் ஒரு ஹவுசிங் சத்தம்

“இங்கே ஒரு மெக்கானிக் இருக்கிறார். வண்டியைத் திறக்கவே மாட்டேன் என்கிறார்” என்று கார் நிக்கோபாரிலிருந்து நண்பர் போனில் புலம்பினார். ஒப்பந்த வேலையாக அங்கே தங்கியிருப்பவர். அவருடைய பிக்கப்பின் பின்பக்கம் ஏதோ உறுமுகிறதாம். எனக்கு வண்டியைவிட அந்த மெக்கானிக் மேல்தான் ஆர்வம் வந்தது. நம்மூரில் வண்டியை விட்டுவிட்டு டீ குடித்துத் திரும்புவதற்குள் பாதி நட்டு போல்ட்டுகள் தரையில் கிடக்கும்.

கார் நிக்கோபாருக்கு யாரும் நினைத்தவுடன் போய்விட முடியாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி வெளியாட்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். வேறொரு அலுவல் காரணமாக எனக்கு அது கிடைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது நண்பரின் வண்டி சரியாகியிருந்தது. தாறுமாறாகத் தேய்ந்த பின் டயர்தான் உறுமியிருக்கிறது. முன்னும் பின்னும் டயரை மாற்றிப் போட்டவுடன் உறுமலும் இடம் மாறி முன்னால் வந்துவிட்டதாம். மெக்கானிக் வாங்கிய கூலி, டயர் கழற்றி மாட்டியதற்கு மட்டும்.

பட்டறை மலாக்கா ஊருக்குப் போகும் சாலையில், தென்னைகளுக்கு நடுவே, நாலு கம்பத்தின் மேல் தகரம். மெக்கானிக் தமிழர்தான், ஆனால் தமிழ்நாட்டுக்காரர் இல்லை. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களில் சில, ரப்பர் தோட்டத்துக்காகக் கச்சால் தீவில் குடியேற்றப்பட்டன. அப்படி வந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர். தேயிலை மலையிலிருந்து கிளம்பியவர்களை ரப்பர் தீவில் இறக்கிவிட்டிருக்கிறது இரண்டு அரசுகளின் ஒரு கையெழுத்து. இவர் பால் வெட்டப் போகவில்லை. தோட்டத்து டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கச்சாலில் ஆயிரக்கணக்கானோரைக் காணவில்லை. பிழைத்தவர்களில் பலர் போர்ட் பிளேருக்குப் போனார்கள். (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியும் பட்டறையில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை.) இவர், வீடு கட்டும் ஒப்பந்ததாரர்களின் டிப்பர்களோடு கார் நிக்கோபார் வந்தார். துறைமுக மேடைகள் உடைந்து கிடந்த காலம் அது. சாமான்கள் கரையிலேயே இறங்கின. டிப்பர்கள் அச்சு முங்கக் கடலுக்குள் நின்று சுமை ஏற்றின. “ஆறே மாசத்துல ஹவுசிங் எல்லாம் ஊளை விட ஆரம்பிச்சிருச்சு சார். என் படிப்பெல்லாம் அந்த டிப்பருங்கதான்” என்றார்.

ஹவுசிங் என்று பட்டறைக்காரர்கள் சொல்வது பின் அச்சின் நடுவே வீங்கித் தெரியும் இரும்புக் கூடு. வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டினால் ஒன்று தேய்த்துக்கொண்டுதான் போகும். இதற்கு வழி கண்டு 1827இல் நீராவி வண்டிக்கு டிஃப்ரன்ஷியல் அமைத்தவர் பிரான்ஸின் ஒனெசிஃபோர் பெக்கூர். கூட்டுக்குள் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுழற்றும் சின்னது பினியன், கிரவுனோடு சேர்ந்து சுற்றும் பெட்டிக்குள் ஸ்டார் கியர்கள். 1920களில் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் பினியனைக் கிரவுனின் நடுக்கோட்டுக்குக் கீழே இறக்கி வைக்கும் ஹைபாய்டு முறையைக் கொண்டுவந்தது. பேக்கார்ட் கார்கள் அதை முதலில் எடுத்துக்கொண்டன. தண்டு தாழ்ந்ததால் காரின் தரையும் தாழ்ந்தது. ஆனால் ஹைபாய்டில் பல்லும் பல்லும் உருள்வதோடு நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டும் போகும். சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும் என்பதால் கந்தகச் சேர்மானம் உள்ள கியர் ஆயில் ஊற்றுகிறார்கள். ‘90 ஆயில்’ டப்பாவைத் திறந்ததும் அடிக்கும் வாடை அதுதான்.

நான் உட்கார்ந்திருந்த காலையில் கின்யூகா ஊரிலிருந்து ஒரு பிக்கப் வந்தது. நிக்கோபாரியர்களின் கூட்டுக் குடும்பமான துஹெத்தின் பொது வண்டி. கொப்பரை, தேங்காய், அரிசி மூட்டை, பன்றி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் உறவினர் எல்லோரும் அதிலேதான். ஓட்டி வந்த பெரியவர் இந்தியில் சொன்னார்: நாற்பதைத் தாண்டினால் வலது பக்கம் பின்னாலிருந்து சத்தம். போர்ட் பிளேரில் தெரிந்தவரிடம் போனில் கேட்டதற்கு, கிரவுனும் பினியனும் போய்விட்டது, முழு செட்டும் வாங்கிப் போடு என்றாராம். மெக்கானிக் சாவியைக் கேட்டார். ஸ்பேனரைத் தொடவில்லை.

“வாங்க அங்கிள், ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.”

மூவரும் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு கிளம்பினோம். கார் நிக்கோபார் சுமார் 127 சதுர கிலோமீட்டர், ஏறக்குறையத் தட்டையான தீவு. 2011 கணக்கெடுப்பில் 17,841 பேர். இந்தத் தட்டை ஒரு தொல்லை. ஏற்ற இறக்கம் இருந்தால் கியர்களின் மேல் பளு தானாக ஏறும், இறங்கும். இங்கே அதைக் காலால் உண்டாக்க வேண்டும். ஐம்பதில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். மெல்லிய கூவல். காலை எடுத்தார், கூவல் அறுந்தது. பளு இழுக்கவும் இல்லை தள்ளவும் இல்லை என்கிற நடு நிலையில் வேகத்தைப் பிடித்து நிறுத்தினார், கூவல் வருவதும் போவதுமாக இருந்தது. இவ்வளவுக்கும் அடியில், கால் எப்படி இருந்தாலும் மாறாமல், ஒரு தடித்த உறுமல் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு நியூட்ரலில் உருள விட்டார். எஞ்சின் சத்தம் அடங்கியும் உறுமல் அடங்கவில்லை. வண்டியின் வேகம் குறையக் குறையத்தான் அதுவும் குறைந்தது. அப்படியென்றால் எஞ்சினும் கிளட்சும் கணக்கிலிருந்து கழிந்தன. வழவழப்பான தார்ச்சாலையிலிருந்து பவளக்கல் கொட்டிய ஓரத்துக்கு இறக்கினார். சத்தத்தின் ஜாதி மாறவில்லை, ஆகவே டயரும் இல்லை. ஆளில்லாத இடத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக வலமும் இடமும் ஒடித்தார். வலப்பக்கம் ஒடித்தபோது உறுமல் ஏறியது, இடப்பக்கம் ஒடித்தபோது மங்கியது.

“கேட்டுச்சா சார்? வலது பக்கம் திருப்பினா வண்டியோட கனம் இடது பக்கம் சாயும். சத்தம் வலதுன்னு அங்கிள் சொல்றாரு. நோய் இடது வீல் பேரிங்ல.”

பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. வலது காதில் கேட்பதை எப்படி இல்லை என்பது? இரும்பு சத்தத்தைக் கடத்திக்கொண்டு போய் வேறிடத்தில் போடும். அச்சிலிருந்து ஸ்பிரிங் பட்டைக்கு, பட்டையிலிருந்து சேஸிஸுக்கு, அங்கிருந்து தளர்ந்த ஏதோ ஒரு தகட்டுக்கு. உட்கார்ந்திருப்பவர் கேட்பது அந்தத் தகட்டை.

பேரிங்குகளை மெக்கானிக் குரலை வைத்தே பிரிக்கிறார். பினியனுக்கு 10 பல், கிரவுனுக்கு 41 பல் என்று வைத்துக்கொண்டால் சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் பினியன் நாலு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். அதனால் பினியன் பேரிங் கெட்டால் குரல் மெலிந்து சீறும். சக்கர பேரிங் கெட்டால் தடித்து உறுமும். ஸ்டார் கியர் நேர்ச்சாலையில் தன்னளவில் சுழலாது. திரும்பும்போது மட்டும் சத்தம் வந்தால் அதைச் சந்தேகிக்கலாம். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது ‘டக்’கென்று அடித்தால் முதலில் பார்ப்பது புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் பேரிங்கை. “மலிவானதுலேருந்து சந்தேகப்படணும் சார். ஊர்ல விலை கூடினதுலேருந்து சந்தேகப்படுவாங்க” என்றார். அதில் கொஞ்சம் நக்கலும் இருந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டையும் ஸ்டாண்டில் ஏற்றினார். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி எஞ்சினை ஓட்டக் கூடாது. தூக்கியது இரட்டை வேகத்தில் சுழலும், வண்டியும் ஜாக்கியிலிருந்து குதிக்கப் பார்க்கும். உதவிக்கு இருந்த நிக்கோபாரி இளைஞன் வண்டிக்குள் ஏறி மூன்றாவது கியரில் மெதுவாக ஓட்ட, மெக்கானிக் தகர டப்பாவிலிருந்து ஒரு மெல்லிய குழல் கம்பியை எடுத்தார்.

பழைய டிராக்டர் எஞ்சினின் புஷ் ராட். வால்வைத் தள்ளித் தள்ளி இரு முனையும் பளபளத்துப் போனது. கச்சால் தோட்டத்தில் எஞ்சின் பிரித்தபோது கழித்துப் போட்டதை எடுத்து வைத்துக்கொண்டாராம். சுனாமி நாளில் அவருடைய சட்டைப்பையிலா பெட்டியிலா, எங்கே இருந்தது என்று கேட்டேன். சிரித்துவிட்டார். டிராக்டரின் டூல் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. டிராக்டர் மேட்டில் நின்றிருக்கிறது. கம்பியின் ஒரு முனையை ஹவுசிங்கில் வைத்து மறுமுனையைக் காதுத் துவாரத்தில் வைப்பதில்லை. காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொள்கிறார். எலும்பு வழியாக வருவதில் கடல் காற்றின் இரைச்சல் கலக்காது. இடக்கோடியில் வைத்தார், நடுவில் வைத்தார், வலக்கோடியில் வைத்தார், மறுபடியும் இடக்கோடியில் வைத்தார். என்னிடமும் நீட்டினார். வலப்பக்கம் சீரான ‘ஸ்ஸ்’. இடப்பக்கம் சரளைக் கற்கள் அரைபடும் ஓசை. எந்தச் செவிக்கும் தப்பாது. எஞ்சினை அணைத்தபின் இடச் சக்கரத்தைக் கையால் சுழற்றச் சொல்லி, என் விரலைப் பட்டையின் மேல் வைத்தார். சொரசொரப்பு விரலில் ஏறியது.

அடுத்து வடிகால் நட்டைக் கழற்றினார். ஆயில் மோர் நிறத்தில் வந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது. தொட்டு நாக்கில் வைத்து, உப்பு என்றார்.

தண்ணீர் புகும் விதம் எனக்குப் புதிது. ஓடி வந்த ஹவுசிங் சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். அப்படியே கடலோரத் தண்ணீரில் இறக்கினால் சட்டென்று குளிர்ந்து காற்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப, மூச்சுவிடும் துளை வழியாகவும் ஆயில் சீல் ஓரமாகவும் கடலை உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் துளை சேற்றில் அடைத்திருந்தால் நேர்மாறு: சூட்டில் அழுத்தம் வெளியேற வழியின்றி சீலைத் தள்ளி ஆயில் பிரேக் டிரம்முக்குள் போகும். உப்புத் தண்ணீர் பட்ட பேரிங் ஓடும்போது கெடுவதைவிட நிற்கும்போது அதிகம் கெடும். ஒரு வாரம் கப்பல் வராமல் வண்டி சும்மா நின்றால் போதும், உருளைகள் தொட்டிருக்கும் இடத்தில் துருப்புள்ளி விழுந்துவிடும். வடிகால் நட்டின் காந்தத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துப் பார்த்தார். மாவாக இருந்தால் வயசுத் தேய்மானம், ஊசியாகவோ சில்லாகவோ இருந்தால் பல் உடைகிறது என்று அர்த்தம். இது மாவு.

“கிரவுனை விட்டுருங்க அங்கிள். அது கூவும். கூவிட்டே உங்க பேரனுக்கும் உழைக்கும்.”

கிரவுனும் பினியனும் ஆலையில் ஜோடியாகத் தேய்த்துப் பழக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. ஓடி ஓடித் தேய்ந்த ஜோடியைச் சத்தம் குறைக்கிறேன் என்று ஷிம் என்கிற மெல்லிய தகடு போட்டு நகர்த்தினால் பல் பழகாத இடத்தில் பட்டு முன்னைவிட அதிகமாக ஊளையிடும். ஷிம் கணக்கை நோட்டில் வரைந்தே விளக்கினார். மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு என்று போன அந்தக் கணக்கில் என் மனம் நிற்கவில்லை.

போர்ட் பிளேர் யோசனைப்படி செட் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள், அங்கிருந்து இன்னொரு கப்பலில் சுமார் 270 கிலோமீட்டர். மழைக்காலக் கடல் கொந்தளித்தால் அதற்கும் நாள் குறிக்க முடியாது. ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறும். வந்து சேர்ந்தது டூப்ளிகேட் என்று பிரித்தபின்தான் தெரியும்; திருப்பி அனுப்பும் செலவில் இன்னொன்று வாங்கிவிடலாம். ஒரு காலத்தில் தேங்காயையே நாணயமாக எண்ணிய தீவு இது. இன்று தேங்காய் கொப்பரையாகக் கப்பலேறும்போது அதன் விலையை வாங்குபவன் சொல்கிறான். பேரிங் கப்பலிலிருந்து இறங்கும்போது அதன் விலையை விற்பவன் சொல்கிறான். இரண்டு விலையையும் சொல்ல முடியாத ஒரே ஆள், மரம் ஏறித் தேங்காய் பறிப்பவன். சுனாமிக்குப் பிந்தைய நிவாரணப் பணம் நிக்கோபாரியர் வாழ்க்கையை எப்படிச் சந்தைக்குள் தள்ளியது என்று சிம்ரன் ஜித் சிங் போன்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வண்டியைக் கொண்டுவந்து இறக்கியவர்கள் அதன் உதிரி பாகங்களுக்கு ஒரு நியாய விலைக் கடையாவது யோசித்தார்களா? கூட்டுறவுச் சங்கம் அரிசியும் சர்க்கரையும் விற்கலாம், பேரிங்கும் ஆயில் சீலும் விற்கக் கூடாதா? இதையெல்லாம் நான் கொஞ்சம் உரக்கவே பேசிவிட்டேன் போலிருக்கிறது.

“சார், அந்தச் சுத்தியலை எடுங்க” என்றார் மெக்கானிக்.

பேரிங் கழற்றி மாற்றியது அடி, சூடு, மறுபடி அடி. சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஆயில் மாற்றியபின் அவர் செய்த ஒரு வேலை, கம்பெனிப் புத்தகத்தில் இருக்க வாய்ப்பில்லாதது. மூச்சுத் துளையின் மூடியைக் கழற்றிவிட்டு ஒரு முழ டீசல் ஹோஸைச் செருகி, நுனியைச் சேஸிஸின் உச்சியில், வாய் கீழ்நோக்கி வளையும்படி கட்டினார். இனி அச்சு முங்கினாலும் மேலிருந்து காற்றைத்தான் இழுக்கும். அவர் கைபட்ட வண்டிகளை அந்த ஹோஸை வைத்தே அடையாளம் சொல்லலாம்.

சாயங்காலம் மறுபடி ஓட்டிப் பார்த்தோம். உறுமல் இல்லை. கூவல் அப்படியே இருந்தது. உறுமலின் மறைப்பு போனதால் முன்னைவிடத் தெளிவாகவே கேட்டது. பெரியவர் காசை எண்ணும்போது, சத்தம் போகவில்லையே என்று இரண்டு முறை சொன்னார். மெக்கானிக் அவரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து வலமும் இடமும் ஒடிக்கச் சொன்னார். பெரியவர் ஒடித்தார், தலையைச் சாய்த்துக் கேட்டார், பேசாமல் மீதிக் காசையும் எடுத்துக் கொடுத்தார்.

நான் கிளம்பும்போது மெக்கானிக் ஒரு சிகரெட் அட்டையில் பேரிங் எண்ணை எழுதிக் கொடுத்தார். வலப்பக்கமும் இதே தண்ணீரைத்தான் குடித்திருக்கிறது, அதுவும் இன்னும் கொஞ்ச நாளில் கேட்கும். “சென்னையில வாங்கி, வர்ற ஆள்கிட்ட குடுத்தனுப்புங்க சார். பெட்டியைப் பாத்து ஏமாறாதீங்க. வளையத்து ஓரத்துல நம்பர் பொறிச்சிருக்கும். நகத்தால சுரண்டுங்க. போச்சுன்னா வாங்காதீங்க. ரெண்டு ஆயில் சீலும் சேத்து.”