தெர்மாகோலில் குத்திப் பார்த்தேன்

எங்கள் வீட்டுத் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரும் உட்கார்ந்திருக்கிறது. வில்லாபுரத்தில் என்னிடம் ப்ளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், "என்னக்கா இது, செவப்பும் நீலமுமாக் கோடு?" என்று கேட்காமல் போவதில்லை.

தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துகிற பெட்டியைத் தம்பி செய்து விற்கிறான். அதற்குள் இருக்கும் பிரிண்டட் சர்க்யூட் போர்டை வரைய ஆள் தேடினான். பழைய ரேடியோவைத் திறந்தால் தெரியுமே, ஒயருக்குப் பதில் செம்புக் கோடு ஓடும் பலகை, அதுதான். "நான் கத்துக்கிடவா?" என்றேன். மாமியார் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை உட்கார வைத்தது.

கற்றது கீகேட் என்ற மென்பொருளில். பிரான்ஸில் ஒருவர் 1992-ல் தொடங்கியது; காசு கிடையாது. குழந்தை தூங்கும் மத்தியானங்களில் மூன்று மாதம் பழகினேன். ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் 'ஃபுட்பிரின்ட்' உண்டு. பாகத்தின் கால்கள் பலகையில் எங்கெங்கே இறங்கும் என்று காட்டும் புள்ளிகள் அவை. ஐ.சி.யின் கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர். புள்ளி வைப்பது நமக்குப் புதிதா என்ன!

வரைந்து முடித்ததும் மென்பொருளே சோதித்து, தப்பு ஒன்றுமில்லை என்றது. பத்துப் போர்டுக்கு ஆர்டர் கொடுத்தோம்.

வந்தது. ஒயர் முடுக்கும் பத்துக்கால் டெர்மினல் இறங்கவே இல்லை! நடுக்கால்கள் சரி, ஓரத்துக் கால்கள் விளிம்பில் இடித்தன. நான் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் வரைந்திருக்கிறேன். தம்பி வாங்கி வந்ததோ 5.08. ஒரு காலுக்கு 0.08 பெரிதா? ஒன்பது இடைவெளிக்கும் கூட்டினால் 0.72 ஆகிவிடுகிறது. கோடும் கோடும் இடிக்கிறதா என்றுதான் மென்பொருள் பார்க்கும். கடையில் வாங்கிய பாகம் பொருந்துமா என்பது அதற்கு எப்படித் தெரியும்? தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஒரு ரவிக்கைக்குப் பேப்பர் கட்டிங் போடும்போதுதான் பளிச்சென்றது. துணியில் கத்திரி வைக்குமுன் பேப்பரில் பார்க்கிறோமே, இதற்கு ஏன் பார்க்கவில்லை?

இப்போது போர்டின் படத்தை அசல் அளவிலேயே பிரிண்ட் எடுக்கிறேன். 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் படம் சுருங்கிவிடும். அதனால் படத்திலேயே 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டு, ஸ்கேல் வைத்துப் பார்க்கிறேன். பிறகு பேப்பரைத் தெர்மாகோலில் ஒட்டி, வாங்கிய பாகத்தையே குத்துகிறேன். ஐ.சி.யில் முதல் கால் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டிரான்சிஸ்டர் இன்னும் பொல்லாதது. பி.சி.547-ம் 2என்3904-ம் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஆனால் கால்களின் வரிசை நேர் தலைகீழ். ஓட்டையில் சமர்த்தாக இறங்கிவிட்டு வேலை செய்யாது.

பற்றவைப்பதை மட்டும் தம்பியின் பட்டறையோடு நிறுத்திக்கொண்டேன். 60/40 ஈயக்கம்பியில் நாற்பது பங்கு காரீயம். அடுப்படியிலும் குழந்தை தவழும் இடத்திலும் அதற்கு வேலையில்லை. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவேன்.

இரண்டாவது தடவை வந்த போர்டில் பத்துக் காலும் ஒன்றாக இறங்கின. இப்போதெல்லாம் ஆர்டர் அனுப்புமுன் தம்பி கேட்பது ஒன்றுதான்: "அக்கா, குத்திப் பாத்துட்டியா?"