காசிப் பட்டின் மறுபக்கம்

வாராணசியின் சௌக் பகுதியில் உள்ள குஞ்ச் கலி, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்து. இருபுறமும் பட்டுக் கடைகள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். இந்த ஆசனத்தின் ஹிந்திப் பெயரைத் தமிழில் எழுதினால் 'கத்தி' என்றாகிவிடும். விலையைக் கேட்ட பிறகு அது அவ்வளவு பிழையாகத் தோன்றாது.

புடவைக்காக மட்டும் இங்கே யாரும் வருவதில்லை. மாப்பிள்ளையின் ஷெர்வானி, மணப்பெண்ணின் லெஹங்கா, வரவேற்புக்கான நீள கவுன் என்று வெட்டித் தைக்க மீட்டர் கணக்கில் துணி கேட்பவர்களும் உண்டு. தடுமாறுவது பெரும்பாலும் இவர்கள்தான். புடவை உடம்பைச் சுற்றித் தானே படிந்துவிடும். தைத்த உடைக்கு அந்தச் சௌகரியம் இல்லை. நிமிர்ந்து நிற்க வேண்டுமா, வழிந்து விழ வேண்டுமா என்பதைத் துணிதான் முடிவு செய்கிறது.

ஜரிகை மண்டிய கின்காப் முகலாயர் காலத்திலிருந்தே அரண்மனைத் துணி. ஷெர்வானிக்கும் கழுத்து மூடிய பந்த்கலா கோட்டுக்கும் அதன் விறைப்பு கம்பீரம். அதையே கொசுவம் வைத்துப் பாவாடையாகத் தைத்தால் பத்தாயம் நடந்து வருவது போலிருக்கும். சுழலும் அனார்கலிக்கு முறுக்கேறிய நூலில் நெய்த ஜார்ஜெட். பசை நீக்காத நூலில் நெய்யும் கோரா மெல்லியது, மொடமொடப்பானது. உப்பலான பாவாடைக்கு ஏற்றது, ஆனால் லைனிங் இல்லாமல் உடுத்த முடியாது. மினுக்கு வேண்டாம் என்பவர்களுக்குத் தஞ்சோய் இருக்கிறது. சாட்டின் தளத்தில் பட்டு நூலாலேயே கோலம் போட்ட துணி. கடைக்காரர் இதைக் கடைசியில்தான் எடுத்துப் போடுவார். முதலில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது இதுதான்.

அடுத்த வேலை துணியைத் திருப்பிப் பார்ப்பது. 'கடுவா' முறையில் ஒவ்வொரு புட்டாவும் தனித்தனிச் சிறு கண்டு நூலால் கையாலேயே நெய்யப்படுகிறது. பின்பக்கம் தொங்கும் நூல் இராது. தையற்காரர் எங்கே கத்தரித்தாலும் புட்டா எளிதில் பிரியாது. 'ஃபேக்குவா'வில் நூல் கரைக்குக் கரை ஓடும். தேவையற்ற இடங்களில் பிறகு வெட்டி எடுப்பார்கள். மோதிரமும் வளையலும் மாட்டுவது அந்த வெட்டிய முனைகளில்தான். இதுவும் மோசமான துணியல்ல. கடுவாவின் விலைக்கு விற்கப்படும்போதுதான் வம்பு.

கடுவா ஏன் விலை அதிகம் என்பதற்கு விடை மதன்புராவில் கிடைக்கும். கேதார் காட், அனுமன் காட் போகும் தமிழ் யாத்ரீகர்கள் கடந்து செல்லும் அதே சாலைதான். நெசவாளர்களில் பெரும்பாலோர் அன்சாரி முஸ்லிம்கள். தரையில் குழி, குழிக்குள் கால்கள், தலைக்கு மேலே துளையிட்ட அட்டைகள் கோத்த ஜக்கார்டு. அடர்ந்த வேலைப்பாடு என்றால் நாள் முழுக்க நெய்தாலும் சில அங்குலங்கள்தான் நகரும். கைத்தறி விட்டு விட்டுத் தட்டும். பக்கத்துச் சந்திலிருந்து மூச்சு விடாமல் வரும் இரைச்சல் விசைத்தறியுடையது. அதே கோலத்தை அது பாலியஸ்டரில் மிகச் சீக்கிரம் இறக்கிவிடுகிறது.

2009இல் பனாரஸ் புரோகேடுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மெத்தையில் உட்கார்ந்திருப்பவருக்கு உதவுவது விரல்களும் மூக்கும்தான். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவைத்தால் பட்டு தலைமயிர் கருகும் நாற்றம் அடித்துப் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணியாக இறுகும். இன்னொரு குழப்பமும் உண்டு. 'சில்க் மார்க்' முத்திரை, பட்டு அசல் என்று மட்டுமே சொல்கிறது. கையால் நெய்ததா என்பதற்கு 2006இல் வந்த 'ஹேண்ட்லூம் மார்க்'கைத் தேட வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதையும் நம்பவைப்பது விற்பனையாளருக்குச் சுலபம்.

கூலி கட்டுப்படியாகாத நெசவாளர்கள் பலர் சூரத்தின் விசைத்தறிக் கூடங்களுக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள். அந்த ஊரில் நெய்த துணி ரயிலேறி வந்து, குஞ்ச் கலியின் வெள்ளை விரிப்பில் 'பனாரஸி' என்ற பெயரோடு விரிகிறது.